இருட்டில் எண்ணியவர்கள்

1

அணுக்கருவைக் கண்டுபிடித்த கருவி மனிதக் கண். உருவகமாகச் சொல்லவில்லை. 1909இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டெனும் செய்த அந்தப் புகழ்பெற்ற சோதனையில் ஆல்ஃபா துகள்களைப் பதிவு செய்ய மீட்டர் கிடையாது, மின்சுற்று கிடையாது. துத்தநாக சல்ஃபைடு பூசிய ஒரு சின்னத் திரை, ஒரு நுண்ணோக்கி, அதன் பின்னால் ஓர் ஆள். அந்த ஆள் முதலில் அரை மணி நேரம் இருட்டறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் திரையில் ஊசிமுனை அளவுக்கு ஒளிப்புள்ளிகள் தோன்றி மறையும். ஒரு புள்ளி என்றால் ஓர் ஆல்ஃபா துகள். எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தங்கத் தகடு சோதனையின் படத்தை நாம் எல்லோருமே பள்ளித் தேர்வில் வரைந்திருக்கிறோம். கதிரியக்கப் பொருள் இருக்கும், தகடு இருக்கும், அதைச் சுற்றி வட்டமாகத் திரை இருக்கும், அம்புக்குறிகள் இருக்கும். எண்ணிய ஆள் மட்டும் இருக்க மாட்டார். படத்தைப் பார்த்தால் திரையே எண்ணிக்கொண்டது போலத் தோன்றும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் வேலையில் பாதி நேரம் ஒரே கேள்வியோடுதான் போகிறது: இந்த எண்ணை நம்பலாமா? ஒரு பட்டியலில் 4,312 என்று இருந்தால், அந்த 4,312ஐ யார் எண்ணியது, எப்படி எண்ணியது, எண்ணும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது? கதிர்வீச்சை உணரும் பொருட்களின் வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்தது இந்தக் கேள்வியால்தான். படிகங்கள், குறைக்கடத்திகள், ஒளிப்பெருக்கிக் குழாய்கள் என்று போகும் வரலாறு அது. அதன் நடுவில், 1927இல், வியன்னாவின் ஓர் இருட்டறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

2

ஆரம்பம் ஒரு கைத்தவறல். 1903இல் லண்டனில் வில்லியம் குரூக்ஸ், ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக சல்ஃபைடு திரையில் உண்டாக்கும் ஒளிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ரேடியம் உப்பு திரையில் சிந்திவிட்டது. அன்றைக்கு ரேடியம் என்றால் தங்கத்தைவிடப் பல மடங்கு விலை. சிந்திய துணுக்குகளைத் தேடிப் பொறுக்க உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்குச் சீரான மங்கல் ஒளியாகத் தெரிந்தது, கண்ணாடி வழியே தனித்தனிப் பொறிகளாகத் தெரிந்தது. கொதிக்கும் கடலை மேலிருந்து பார்ப்பதுபோல் ஓயாத மினுமினுப்பு. ஜெர்மனியில் எல்ஸ்டர், கைட்டல் என்ற இரண்டு நண்பர்கள் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதையே தனியாகக் கண்டார்கள்.

குரூக்ஸ் இதை ஒரு சின்னக் குழாய்க்குள் அடைத்தார். ஒரு முனையில் திரை, அதற்கு மேல் ரேடியம் தடவிய ஊசி, மறுமுனையில் லென்ஸ். பொறி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஸ்பின்தாரிஸ்கோப் என்று பெயர் வைத்தார். பணக்கார வீட்டு வரவேற்பறைகளில் அது விளையாட்டுப் பொருளானது. 1947இல் அமெரிக்காவில் ஒரு காலை உணவு நிறுவனம், பாக்கெட் அட்டையோடு 15 சென்ட் அனுப்பினால் ‘அணுகுண்டு மோதிரம்’ தருவதாக விளம்பரம் செய்தது. அதற்குள் இருந்ததும் பொலோனியம் வைத்த குட்டி ஸ்பின்தாரிஸ்கோப்தான். ஹிரோஷிமா நடந்து இரண்டு வருடம்கூட முழுதாக முடியாத நேரம்.

விளையாட்டுப் பொருளை விட்டுவிட்டு நாம் கவனிக்க வேண்டியது இதை. ஓர் ஒற்றை அணு சிதைவதை மனிதன் நேரடியாகக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல்முறை. அணு என்பதே வெறும் கணக்குக்கான கற்பனை என்று சொல்லும் பெரிய விஞ்ஞானிகள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் காலத்திலேயே, சிதையும் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

1908இல் பெர்லினில் எரிக் ரெகனர் அடுத்த படியை எடுத்தார். மினுக்கல்களை ரசிப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார். வேடிக்கை அதோடு அளவீடாக மாறியது.

3

மான்செஸ்டருக்கு வருவோம். கைகர் இரவெல்லாம் இடைவெளி விட்டு விட்டு எண்ணிக்கொண்டே இருக்கக்கூடியவர், முகம் சுளிக்க மாட்டார். ரூதர்ஃபோர்டு இரண்டே நிமிடத்தில் திட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டதாக அவரே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அணுக்கருவின் தந்தைக்கே எண்ணும் வேலை ஆகவில்லை. அந்த வேலை மார்ஸ்டென் கைக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 20, இன்னும் பட்டம் வாங்காத மாணவர்.

கண்ணுக்கும் கொள்ளளவு உண்டு. நிமிடத்துக்குத் தொண்ணூறு பொறிகளுக்கு மேல் போனால் எண்ணிக்கை குழம்பும். ரொம்பக் குறைந்தால் கவனம் கலையும், இல்லாத பொறி தெரியும். ஒன்றிரண்டு நிமிடம் எண்ணினால் ஓய்வு வேண்டும். இந்த எல்லைகளுக்குள் நின்றுகொண்டு அவர்கள் கண்டது: பிளாட்டினத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்களில் சுமார் 8,000இல் ஒன்று வந்த பக்கமே திரும்புகிறது. 1913இல் அணுக்கருக் கொள்கையைச் சரிபார்த்து முடித்தபோது கைகரும் மார்ஸ்டெனும் எண்ணியிருந்த பொறிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு லட்சம் முறை ஒரு மனிதக் கண் ‘ஆமாம், பார்த்தேன்’ என்று சொன்னதன் மேல்தான் நவீன அணு நிற்கிறது.

ஆனால் கண் எத்தனையைத் தவறவிட்டது? இதைத் தெரிந்துகொள்ள 1924இல் கைகரும் வெர்னரும் செய்த உத்தி இருக்கிறதே, அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரே திரையை இரண்டு பேர் இரண்டு நுண்ணோக்கிகள் வழியாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் பொறியைக் கண்டதும் ஓடும் காகித நாடாவில் குறி விழும். பிறகு நாடாவைப் பார்த்து, இருவரும் சேர்ந்து கண்டவை எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முதலாமவர் 40 பொறிகள் கண்டார். இரண்டாமவர் 45. இருவரும் பொதுவாகக் கண்டவை 36. அப்படியானால் இரண்டாமவர் கண்ட 45இல் 36ஐ முதலாமவரும் கண்டிருக்கிறார், ஆக முதலாமவரின் கண் 80 சதவீதம் பிடிக்கிறது. அவர் கண்டது 40 என்றால் உண்மையில் விழுந்தது 50. மறுபக்கமிருந்து கணக்குப் போட்டாலும் அதே 50 வரும். யாரும் நேரடியாகப் பார்க்காத எண் அது. இரண்டு பேரும் குறையுள்ளவர்கள்தான், ஆனால் அவர்களின் குறைகள் ஒன்றையொன்று சார்ந்திராதவரை உண்மையான எண்ணிக்கையைக் கறந்துவிடலாம். ஏரியில் எத்தனை மீன் என்று மதிப்பிட இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு தயாரிக்கும் இடங்களில், ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுத்து ஒப்பிடுவதும் இதன் உறவுதான்.

‘சார்ந்திராதவரை’ என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் சிக்கல் வந்தது அங்கேதான்.

4

1919இல் ரூதர்ஃபோர்டு, ஆல்ஃபா துகளால் நைட்ரஜன் அணுக்கருவை அடித்து அதிலிருந்து புரோட்டானைத் தெறிக்கவைத்தார். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது. அதற்குச் சாட்சியும் திரையில் விழுந்த பொறிகள்தான். புரோட்டான் பொறி ஆல்ஃபா பொறியைவிட மங்கல், எண்ணிக்கையும் மிகக் குறைவு. கண்ணால் எட்டக்கூடிய எல்லையின் விளிம்பு அது.

பிறகு ரூதர்ஃபோர்டும் ஜேம்ஸ் சாட்விக்கும் கேம்பிரிட்ஜில், போரான், ஃபுளூரின், சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் என்று பல இலேசான தனிமங்கள் உடைவதைக் கண்டார்கள். கார்பன், ஆக்ஸிஜன் போன்றவை உடையவில்லை. வியன்னாவின் ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் பெட்டர்சன் என்ற ஸ்வீடன்காரரும் கெர்ஹார்டு கிர்ஷும் இதே சோதனையைச் செய்தார்கள். அவர்களுக்குக் கார்பனும் உடைந்தது. மற்றதும் உடைந்தது. எண்ணிக்கையும் அதிகம். 1923இலிருந்து நாலைந்து வருடம் இரண்டு ஊர்களும் ஆய்விதழ்களில் மரியாதையாகச் சண்டை போட்டன. யார் கருவி சரி, யார் திரை சரி, யார் கண் சரி?

அந்த வியன்னா நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பல இடங்களில் பெண்களுக்குப் பரிசோதனைக்கூடக் கதவு லேசில் திறக்காத காலத்தில், அங்கே ஆய்வாளர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பெண். மரியெட்டா பிளாவ், பெர்ட்டா கார்லிக், எலிசபெத் ரோனா, எலிசபெத் காரா-மிகைலோவா எல்லாம் அங்கே வேலை செய்தவர்கள். பலருக்குச் சம்பளம் சொற்பம், சிலருக்கு அதுவும் இல்லை.

1927 டிசம்பரில் சாட்விக் நேரடியாக வியன்னா போனார். அங்கே பொறிகளை எண்ணும் வேலையை மூன்று இளம்பெண்கள் செய்தார்கள். பெண்களுக்குக் கண் கூர்மை, அவர்கள் வேறு யோசனைகளில் கவனத்தைச் சிதறவிட மாட்டார்கள் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம் என்று பிற்காலத்தில் சாட்விக் நினைவுகூர்ந்திருக்கிறார். சாட்விக் கருவியை மாற்றவில்லை. திரையை மாற்றவில்லை. அதே பெண்கள், அதே நுண்ணோக்கி. ஒன்றை மட்டும் மாற்றினார். கதிர்வீச்சின் முன்னால் இப்போது எந்தப் பொருள் இருக்கிறது, எவ்வளவு எதிர்பார்க்க வேண்டும் என்பதை எண்ணுபவர்களுக்குச் சொல்லாமல், வரிசையைத் தானே கலைத்துக் கலைத்து வைத்தார்.

கார்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புரோட்டான்கள் காணாமல் போயின. அந்தப் பெண்களின் எண்ணிக்கை கேம்பிரிட்ஜ் எண்ணிக்கையோடு ஒத்துப்போனது.

பெட்டர்சனுக்குக் கோபம். நிறுவனத் தலைவர் ஸ்டெஃபான் மேயர் நல்ல மனிதர், பகிரங்கமாக மறுப்பு வெளியிடவே தயாராக இருந்தார். அதெல்லாம் வேண்டாம், சத்தமில்லாமல் விட்டுவிடலாம் என்று முடிவானது. அச்சில் எதுவும் வரவில்லை. பெட்டர்சன் பிற்பாடு கடலியலுக்குப் போனார், 1947இல் தொடங்கிய ஆல்பட்ராஸ் ஆழ்கடல் பயணத்தின் தலைவராகப் பெயர் வாங்கினார். சாட்விக் 1932இல் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். எண்ணிய மூவரும் பல நூல்களில் ‘எண்ணிய பெண்கள்’ என்ற அளவில் நின்றுபோனார்கள்.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. மனிதக் கண் நம்பத்தகாதது, அதனால்தான் மின்னணுக் கருவிகள் வந்தன, சுபம். எனக்கு இது சரியாகப் படவில்லை. சாட்விக்கின் சோதனையை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எதிர்பார்ப்பைச் சொல்லாதபோது அந்தப் பெண்கள் சரியாக எண்ணினார்கள். மங்கலான, அபூர்வமான பொறிகளை, கேம்பிரிட்ஜுக்கு இணையாக. அதாவது கண் பிழைக்கவில்லை. அவர்கள் ஏமாற்றவும் இல்லை. என்ன வர வேண்டும் என்று தெரிந்த ஓர் இடத்தில், சம்பளம் தருபவர் எதை விரும்புகிறார் என்று தெரிந்த நிலையில், தெரிந்ததா தெரியவில்லையா என்று சந்தேகமாக மின்னும் ஒரு புள்ளியை ‘தெரிந்தது’ பக்கம் சேர்த்தார்கள். பழுது அறையின் ஏற்பாட்டில் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அவர்கள் இல்லை.

5

கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் வேலை அதற்குள் தொடங்கியிருந்தது. வால்வு பெருக்கிகள் வந்தன, 1928இல் கைகர்-முல்லர் குழாய் வந்தது. ஆனாலும் கண் கடைசியாக ஒரு பெரிய காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் போனது. 1932 ஏப்ரல் 14 அன்று கேம்பிரிட்ஜில், காக்கிராஃப்டும் வால்டனும் கட்டிய துகள்முடுக்கியின் அடியில் இருந்த சின்ன மறைப்புக்குள் வால்டன் தவழ்ந்து போய்ப் பார்த்தார். துத்தநாக சல்ஃபைடு திரையில் பொறிகள். மனிதன் முடுக்கிய புரோட்டான்கள் லித்தியம் அணுவைப் பிளந்துகொண்டிருந்தன. காக்கிராஃப்டு வந்து பார்த்தார், பிறகு ரூதர்ஃபோர்டையும் அந்த இடுக்குக்குள் திணித்து உட்காரவைத்தார்கள்.

வியன்னாவில் மரியெட்டா பிளாவ் வேறு பாதையில் போனார். பொறியைப் பார்த்து எண்ணுவதற்குப் பதிலாக, துகளின் தடத்தையே புகைப்படக் குழம்பில் பதிய வைக்கலாம். பதிந்த தடத்தை யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். 1925இலேயே புரோட்டான் தடங்களைப் பதித்தார். 1937இல் அவரும் ஹெர்தா வாம்பாகரும் ஆல்ப்ஸ் மலையில் 2,300 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் தகடுகளை வைத்து, காஸ்மிக் கதிர் ஒன்று அணுக்கருவைச் சிதறடித்த நட்சத்திர வடிவத் தடங்களைக் கண்டார்கள். அடுத்த மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனது. பிளாவ் யூதர். நாட்டைவிட்டு வெளியேறி ஆஸ்லோ, பிறகு ஐன்ஸ்டைன் பரிந்துரையில் மெக்சிகோ. புகைப்படக் குழம்பு முறைக்கான நோபல் 1950இல் செசில் பவலுக்குப் போனது. ஷ்ரோடிங்கர் பிளாவின் பெயரையும் வாம்பாகரின் பெயரையும் பரிந்துரைத்திருந்தார். இதே முறையில் டார்ஜிலிங் மலைகளில் தகடு வைத்து மீசான்களைத் தேடிய விபா சவுதுரிக்கும் டி.எம். போஸுக்கும் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான்.

6

பொறிகள் 1940களில் திரும்பி வந்தன, இந்த முறை கண் இல்லாமல். ஒளிப்பெருக்கிக் குழாய் என்று ஒன்று வந்திருந்தது. அதன் முகப்பில் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் வெளிப்படும். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தகடுகள். எலக்ட்ரான் ஒவ்வொரு தகட்டிலும் மோதி மூன்று நான்காகப் பெருகும். முடிவில் பத்து லட்சம் மடங்கு. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த சாமுவேல் கரன், 1944இல் துத்தநாக சல்ஃபைடு திரையின் முன்னால் கண்ணுக்குப் பதிலாக இதை வைத்தார்.

பெர்லினில் ஹார்ட்மட் கால்மன் என்றொருவர். யூதப் பூர்வீகம் என்று 1933இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், போரைப் பெர்லினிலேயே இருந்து கடந்தவர். இடிபாடுகளுக்கு நடுவே 1947இல் அவர் தேர்ந்தெடுத்த பொருள் நாஃப்தலின். நம் வீட்டு அலமாரியில் துணிக்கு நடுவே போடுகிறோமே, அந்தப் பாச்சா உருண்டை. துத்தநாக சல்ஃபைடு தூள் தன் ஒளியைத் தானே மறைத்துக்கொள்ளும், ஆகவே மெல்லிய பூச்சாகத்தான் பயன்படும். நாஃப்தலின் தன் ஒளியைத் தடுக்காமல் வெளியே விடுகிறது. தடிமனான கட்டியாக வைக்கலாம், ஊடுருவிப் போகும் காமா கதிரையும் பிடிக்கலாம். செய்தி அமெரிக்கா போனது. அடுத்த வருடமே பிரின்ஸ்டனில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் சோடியம் அயோடைடைக் கண்டார்.

சுத்தமான சோடியம் அயோடைடு அறை வெப்பத்தில் மங்கல்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு தாலியம் சேர்த்தால் பிரகாசிக்கிறது. காரணம் இது. கதிர்வீச்சு படிகத்துக்குள் எலக்ட்ரான்களை மேல்நிலைக்குத் தள்ளுகிறது. அவை நேராகக் கீழே விழுந்தால் வெளிவரும் ஒளியைப் படிகமே விழுங்கிவிடும். தாலியம் அணு நடுவில் ஒரு படிக்கட்டு போடுகிறது. அதில் இறங்கும்போது வரும் ஒளிக்குச் சக்தி குறைவு, படிகத்தால் அதை விழுங்க முடியாது, வெளியே வந்துவிடும். அந்தக் கலப்படத்தால்தான் படிகம் கதிரைக் காட்டுகிறது.

குறைக்கடத்தி இதற்கு நேர் எதிர். ஜெர்மானியத்தில் கதிர்வீச்சு பட்டால் ஒளிக்குக் காத்திருக்க வேண்டாம், விடுபட்ட எலக்ட்ரான்களை மின்னழுத்தம் கொடுத்து நேரடியாகவே சேகரித்துவிடலாம். ஆனால் உள்ளே கலப்படம் இருந்தால் அது எலக்ட்ரான்களை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், மின்னழுத்தமும் ஆழமாக உள்ளே இறங்காது. 1960களில் லித்தியத்தை ஊடுருவவிட்டு அந்த மாசுகளைச் சமன்செய்தார்கள். அப்படிச் செய்த கருவியை உபயோகிக்காத நாளிலும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், வைத்திருக்க வேண்டும். குளிர் விட்டால் லித்தியம் நகர்ந்துவிடும், கருவி பாழ். 1970களில் மாசு லட்சம் கோடி அணுக்களில் ஒன்றுக்கும் குறைவாக உள்ள ஜெர்மானியம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. வேலை செய்யும்போது குளிர் இப்போதும் வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? எண்ணிக்கைக்காகத்தான். சீசியம்-137 விடும் ஒரு காமா கதிரின் சக்தி 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அயோடைடில் அது சுமார் 25,000 ஒளித்துகள்களை உண்டாக்கும், அதில் சில ஆயிரம்தான் கடைசியில் மின்துடிப்பாக மாறும். ஜெர்மானியத்தில் அதே கதிர் இரண்டு லட்சத்துக்கும் மேல் எலக்ட்ரான்களை விடுவிக்கும். நாணயத்தைப் பத்து முறை சுண்டுவதற்கும் லட்சம் முறை சுண்டுவதற்கும் உள்ள வித்தியாசம். சோடியம் அயோடைடு சக்தியை ஏறக்குறைய 7 சதவீதக் கலங்கலோடு சொல்லும், ஜெர்மானியம் 0.2 சதவீதத்தில் சொல்லும். விபத்துக்குப் பிறகு ஓர் ஊரின் மண்ணில் இருப்பது எந்தத் தனிமம் என்று சந்தேகமில்லாமல் சொல்ல அந்தக் கூர்மை வேண்டும்.

7

இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் கைகரும் வெர்னரும் கண்டுகொண்ட இரண்டு சாட்சி உத்தி மட்டும் போகவில்லை. பெயர் மாறியது. இப்போது உடனிகழ்வு என்கிறோம்.

கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு கருவியை நிறுத்தின. மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளாலான இரண்டு செங்குத்துச் சுவர்கள், நடுவே நியான் குழாய்கள். இரண்டு சுவர்களும் ஒரே கணத்தில் மின்னினால் மட்டுமே பதிவு. ஒரு சுவர் மட்டும் மின்னினால் அது கணக்கில் வராது. மேலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அந்த ஆழத்தில் மிக அரிது. கிடைமட்டமாக வருபவை இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் பாறையைத் தாண்ட வேண்டும், அது முடியாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு தடம் வந்தால் அது பாறைக்குள் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்த மியூவானாகத்தான் இருக்க முடியும். வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்ததாகச் சொன்ன முதல் ஆய்வுக்கட்டுரை அங்கிருந்து வந்தது.

அந்த ஆழத்துக்குக் குழி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், அதிலும் பெரும்பாலோர் தலித்துகள். தங்கத்துக்காக மூன்று தலைமுறை வெட்டிய குழி அது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இயற்பியல் வரலாற்றில் அந்தச் சோதனைக்கு ஓர் இடம் இருக்கிறது. வெட்டியவர்கள், மறுபடியும், படத்தில் இல்லை.

இன்னொரு உடனிகழ்வு நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெட் ஸ்கேன் எடுக்கும்போது நோயாளியின் உடம்பில் செலுத்திய மருந்திலிருந்து வரும் பாசிட்ரான், ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து மறையும். இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். உடம்பைச் சுற்றி வளையமாக அடுக்கிய படிகங்களில் எதிரெதிரே உள்ள இரண்டு ஒரே நேரத்தில், சில நானோ வினாடிகளுக்குள் மின்னினால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் எங்கோ அது நடந்தது என்று அர்த்தம். இப்படிப் பல லட்சம் கோடுகள் சேர்ந்து ஒரு படமாகிறது. புற்றுநோய் பரவியிருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார். 1903இல் குரூக்ஸ் பார்த்த அதே பொறிகள், இப்போது ஒரு குடும்பம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கும் பதிலாகிவிட்டன.

ஆனால் அந்தப் படத்தையும் கடைசியில் ஒரு கண் பார்க்கிறது, இல்லையா? மங்கலாக ஒரு திட்டு. கட்டியா, வெறும் அழற்சியா? பார்ப்பவருக்கு முன்பே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் முக்கியமாகிவிடுகிறது.

8

என் துறையில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் திரையைப் பார்த்துக் குறிக்கும் வேலை செய்கிறார்கள். இது கார், இது நிழல், இது கட்டி, இது வசைச்சொல். சிறு நகரங்களில், மாதச் சம்பளத்துக்கோ படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ. இளம்பெண்கள் நிறையப் பேர். பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்ற காரணமும் அப்படியே சொல்லப்படுகிறது. நூறு வருடத்தில் அந்த வாக்கியம் வயதாகவே இல்லை.

இப்போது பரவலாக இருக்கும் ஒரு வழக்கம்: வேகம் கூட்டுவதற்காக, கணினி முதலில் தன் ஊகத்தைத் திரையில் குறித்துக் காட்டும். தவறென்றால் மட்டும் திருத்தினால் போதும். திருத்த நேரம் ஆகும், நேரம் ஆனால் அன்றைய கணக்கு குறையும். தெரிந்ததா தெரியவில்லையா என்று சந்தேகமாக இருக்கும் படத்தில் அவர் என்ன செய்வார்? பிறகு அதே தரவை வைத்து, கணினி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று அளந்து 97 சதவீதம் என்று அறிக்கை எழுதுகிறோம். இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று பார்த்துச் சொன்ன சாட்சி அது. கைகர்-வெர்னர் கணக்கு அங்கே செல்லாது.

தப்பு கண்டுபிடிக்கப்படும் நாளில் ‘குறித்தவர்களின் தரம் சரியில்லை’ என்று சொல்லும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கூட்டங்களில் இப்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, குறிக்கும்போது அவர்களுக்கு எதைக் காட்டினோம் என்பது. சில நேரம் பதில் வரும், சில நேரம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

பெர்ட்டா கார்லிக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. வியன்னாவில் அந்தச் சண்டை நடந்த வருடங்களில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பே துத்தநாக சல்ஃபைடின் மினுக்கல்கள் எதைச் சார்ந்தவை, அவற்றின் இயல்பு என்ன என்பதுதான். யார் சரி என்று எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பொறியே எப்படி உண்டாகிறது என்று கேட்டவர்களில் ஒருவர். போருக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார், 1956இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் முழுநேரப் பேராசிரியர் ஆனார். அவர் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

1927 டிசம்பரில் அந்த மூவரும் தாங்கள் எண்ணுவது எது என்று தெரியாமலே எண்ணினார்கள், எண்ணியது சரியாக இருந்தது. அன்றைக்கு யாராவது அதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.